சுமைகூலியைச் சேர்க்காத கணக்கு

சென்ற இதழில் ரஸ்ஸல் வில்சன் வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்கி வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் அணி, 33 வயது வில்சனை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை, சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து வாங்கியது சரியான முடிவு. கொடுத்த விலை நியாயமான விலை. அதன்பின் நடந்ததெல்லாம் கெட்ட நேரம். சாரம் இவ்வளவுதான். இதைச் சொல்ல அவர் வில்சனின் பழைய வெற்றிகளை அடுக்குகிறார், மாத்யூ ஸ்டாஃபர்டைச் சாட்சிக்கு இழுக்கிறார், ஒரு பயிற்சியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ஒன்றை மட்டும் தொடவே இல்லை: டென்வர் வில்சனுக்கு எழுதிக்கொடுத்த சம்பள ஒப்பந்தம். விலையைப் பற்றிய கட்டுரையில் விலையின் பெரும்பகுதியைக் காணோம். மறந்துபோய் விட்டிருந்தால் அலட்சியம். தெரிந்தே விட்டிருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அங்கே ஓர் அணி இன்னோர் அணியிடமிருந்து ஆட்டக்காரரை வாங்கும்போது பெரும்பாலும் கைமாறுவது பணம் அல்ல, தேர்வு உரிமை. ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளைத்தான் விலையாகத் தருவார்கள். வாங்கிய ஆட்டக்காரரின் சம்பளம் தனி. அதற்கும் லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-ல் ஓர் அணிக்கு 20.82 கோடி டாலர். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்ற ஐம்பது பேருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

இனி கட்டுரையாளர் ஒப்புக்கொண்ட பாதி விலையைப் பார்ப்போம். டென்வர் கொடுத்தது இரண்டு முதல் சுற்று உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், ஓர் ஐந்தாம் சுற்று உரிமை. கூடவே ட்ரூ லாக், நோவா ஃபான்ட், ஷெல்பி ஹாரிஸ் என்று மூன்று ஆட்டக்காரர்கள். பதிலுக்கு வந்தது வில்சனும் ஒரு நான்காம் சுற்று உரிமையும். தேர்வு உரிமை என்பது லாட்டரிச் சீட்டு, விழலாம், விழாமலும் போகலாம். நிரூபிக்கப்பட்ட ஆட்டக்காரருக்காகச் சீட்டுக்கட்டைத் தூக்கிக் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கிறார்.

தவறு இதுதான். லாட்டரிச் சீட்டின் விலை, வாங்கியவன் வாழ்ந்தாலும் கெட்டாலும் மாறாது. அடுத்த ஆண்டின் தேர்வு உரிமை அப்படிப்பட்டதல்ல. கொடுத்தவர் தோற்கத் தோற்க அதன் மதிப்பு ஏறும். வில்சன் ஜொலித்திருந்தால் டென்வர் கொடுத்த 2023 உரிமை முதல் சுற்றின் கடைசியில் எங்கோ விழுந்திருக்கும். அவர் சறுக்கினார். டென்வர் 5 ஆட்டங்களில் வென்று 12-ல் தோற்றது. அந்த உரிமை ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. ஜிம்மி ஜான்சன் காலத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணி உருவாக்கி, பிறகு லீக் முழுதும் பரவிய பழைய மதிப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 1,700, முப்பத்திரண்டாம் இடத்துக்கு 590. ஆக, வாங்கிய ஆட்டக்காரர் சரியாக ஆடாவிட்டால் டென்வர் ஒரு முறை அல்ல, இரண்டு முறை நஷ்டப்படும்: ஆட்டமும் போகும், கொடுத்த உரிமையின் மதிப்பும் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இந்த வியாபாரத்தின் அடிப்படை ஆபத்தே இதுதான். கட்டுரையாளர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்த 'லாட்டரிச் சீட்டு'களை வைத்து சியாட்டில் என்ன செய்தது? 2022-ல் ஒன்பதாம் இடத்தில் சார்ல்ஸ் கிராஸ், நாற்பதில் போயே மாஃபே. 2023-ல் ஐந்தாம் இடத்தில் டெவன் விதர்ஸ்பூன், முப்பத்தேழில் டெரிக் ஹால். கிராஸ் முதல் ஆட்டத்திலிருந்தே குவாட்டர்பேக்கின் இடப்பக்கக் காவலுக்கு நின்றார். விதர்ஸ்பூன் அறிமுக ஆண்டிலேயே நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். இவர்கள் ஒவ்வொருவரும் முதல் நான்காண்டுகள் முன்கூட்டியே வரையறுத்த, அடக்கமான சம்பளத்தில் ஆடுபவர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ரஸ்ஸல் வில்சனும் அதே பெட்டியிலிருந்து எடுத்த சீட்டுத்தான். 2012-ல் மூன்றாம் சுற்றில், 75-ஆவது ஆளாக வந்தார். இரண்டே சீசனில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். அதுவும் இதே டென்வரை 43–8 என்று துவைத்து எடுத்து.

இப்போது மறைந்துகிடக்கும் பூசணிக்காய்க்கு வருவோம்.

டென்வருக்கு வில்சன் வந்தபோது அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருந்தன. 2022-க்கு 2.4 கோடி டாலர், 2023-க்கு 2.7 கோடி. அந்த நாள் குவாட்டர்பேக் சந்தையில் இது மலிவு. மீதியை, அதாவது முன்பே கொடுத்துத் தீர்ந்த கையெழுத்துப் போனஸின் பாரத்தை, விதிப்படி சியாட்டில் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வீட்டில் இல்லாத மனிதருக்காக 2.6 கோடி டாலரை அந்த ஆண்டின் உச்சவரம்பில் கழித்துக்கொண்டது. விற்றவரே சம்பளத்தின் ஒரு பகுதியைச் சுமந்து, இரண்டு ஆண்டு சோதித்துப் பார்க்க அவகாசமும் தந்து அனுப்பிய சரக்கு. இதைவிட நல்ல நிபந்தனை வாங்குபவருக்குக் கிடைக்காது.

டென்வர் என்ன செய்தது? 2022 செப்டம்பர் 1 அன்று, வில்சன் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், மேலும் ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதில் சுமார் 16.5 கோடிக்கு உத்தரவாதம். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பழைய ஒப்பந்தம் முடிய இரண்டு சீசன் இருந்தது. அவசரம் எதுவுமே இல்லாத இடத்தில் அவசரப்பட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கட்டுரையாளர் சுண்டைக்காயின் விலையைப் பேசிப் பேசி நியாயப்படுத்துகிறார்; டென்வரை முறித்தது சுமைகூலி.

அது எப்படி முறித்தது என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023-ல் ஷான் பேட்டன் பயிற்சியாளராக வந்தார். வில்சன் சற்றுத் தேறினார்: 26 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன். நடுவில் கேன்சஸ் சிட்டியையும் பஃபலோவையும் அடுத்தடுத்து வீழ்த்தி, ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார்கள். ஆனால் சீசனில் இரண்டு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அவரை உட்கார வைத்துவிட்டார்கள். பேட்டன் சொன்ன காரணம், ஆட்டத்தில் புது உத்வேகம் வேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் வேறொரு வரியும் இருந்தது. வில்சனுக்குக் காயம் பட்டு மார்ச் மாதம் உடற்தகுதிச் சோதனையில் தேறாமல் போனால், 2025-க்கான 3.7 கோடி டாலர் உறுதியாகிவிடும். அந்த உத்தரவாதத்தைத் தள்ளிப்போடச் சம்மதிக்காவிட்டால் ஆடவிட மாட்டோம் என்று சீசன் நடுவிலேயே தன்னிடம் சொன்னதாக வில்சன் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். எண்ணிப் பாருங்கள். இரண்டு முதல் சுற்று உரிமை கொடுத்து வாங்கிய ஆட்டக்காரர் களத்தில் இறங்குவதே அணிக்கு ஆபத்து என்கிற நிலை! இதற்குப் பெயர் கெட்ட நேரமா? கெட்ட நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது.

2024 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து டென்வரின் உச்சவரம்பில் விழுந்த செத்த பணம் 8.5 கோடி டாலர். அதுவரை எந்த அணியும் ஒரே ஆட்டக்காரருக்காக இவ்வளவு பணத்தை வெறுமனே கழித்ததில்லை. வில்சன் அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு ஆடினார். ஸ்டீலர்ஸ் தந்தது அனுபவசாலிகளுக்கான குறைந்தபட்சச் சம்பளம், 12.1 லட்சம் டாலர். மீதி மூன்றே முக்கால் கோடிக்கும் மேல் டென்வர் கொடுத்தது. வேறொருவர் கொடுக்கிறார் என்பதால்தான் அவ்வளவு குறைவு, சரி. ஆனால் அந்த வேறொருவர் யார் என்பதை 'நியாயமான விலை' என்று எழுதியவர் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

அடுத்தது அவருடைய துருப்புச் சீட்டு, ஸ்டாஃபர்ட். 2021 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, டெட்ராய்ட் லயன்ஸுக்கு இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் ஜாரெட் காஃபையும் கொடுத்து ஸ்டாஃபர்டை வாங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே சின்சினாட்டியை 23–20 என்று வென்று சூப்பர் பவுலைத் தூக்கியது. கோப்பை வந்துவிட்டால் கணக்கு யார் கேட்பார்கள் என்கிறார் கட்டுரையாளர். நான் கேட்கிறேன். ஏனென்றால் இந்தச் சாட்சி அவர் பக்கம் பேசவில்லை.

ராம்ஸ் முந்தைய சீசனில் 10 வென்று 6 தோற்ற அணி. ஆரன் டொனால்டும் ஜேலன் ராம்சேயும் நின்ற அந்தத் தற்காப்பு லீகிலேயே முதல் வரிசையில் இருந்தது. ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராகி நான்கு சீசன் முடிந்திருந்தது. அணியை ஏற்கெனவே ஒரு சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனவர். குறை ஒன்றே ஒன்று, குவாட்டர்பேக் இடத்தில் வைக்க ஓர் ஆள். டென்வரோ 7 வென்று 10 தோற்ற அணி. தலைமைப் பொறுப்பில் ஒரு நாள்கூட இருந்திராத நதானியேல் ஹாக்கெட்டை அப்போதுதான் நியமித்திருந்தது. கடைசிச் செங்கல் வைக்க வேண்டியவரும் அஸ்திவாரம் தோண்ட வேண்டியவரும் ஒரே விலை கொடுக்கலாமா?

இரண்டாவது, ராம்ஸ் கொடுத்த விலையில் ஒரு பங்கு ஸ்டாஃபர்டுக்கானதே அல்ல. 2019-ல் காஃபுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த 13.4 கோடி டாலர் நீட்டிப்பைத் தலையிலிருந்து இறக்கிவைக்கக் கொடுத்த கூலியும் அதில் இருந்தது. அதாவது முன்கூட்டிய நீட்டிப்பு என்ற அதே தவறுக்கான அபராதம். மூன்றாவது, முக்கியமானது: ஸ்டாஃபர்டிடமும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. ராம்ஸ் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆடவிட்டுப் பார்த்தது, கோப்பை வாங்கியது, அதன்பின் 2022 மார்ச்சில்தான் 16 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. டென்வர் ஆட்டத்துக்கு முன்பே கொடுத்தது. ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாகக் கொண்டுவருபவர் இரண்டு ஒப்பந்தத்தின் தேதிகளையாவது பார்த்திருக்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. ராம்ஸ் வேண்டாமென்று தள்ளிவிட்ட அதே காஃப், 2024 ஜனவரியில் அதே ராம்ஸை, அதே ஸ்டாஃபர்டை 24–23 என்று தோற்கடித்தார். மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு டெட்ராய்ட் கண்ட முதல் பிளேஆஃப் வெற்றி அது. விலைச்சீட்டில் 'கொசுறு' என்று எழுதப்பட்டவருக்கே அவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், இந்தச் சந்தையில் யார் முகத்திலும் விலை ஒட்டியிருக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வாதம், வில்சனின் பழைய ஏடு. பத்து ஆண்டில் ஒன்பது ப்ரோ பவுல், 104 வெற்றி, ஒரு சூப்பர் பவுல். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 104 வெற்றியும் சியாட்டிலின் கணக்கில் வரவாகி முடிந்தவை. டென்வர் வாங்கியது 34-ஆவது வயதை, 35-ஆவது வயதை. அதற்கு என்ன மதிப்பு என்று காட்டும் தடயங்கள் 2022 மார்ச்சிலேயே மேசைமேல் கிடந்தன. வில்சனின் ஆட்டம் கால்களில் இருந்த ஆட்டம். காவல் உடையும்போது வெளியே ஓடி, ஓடிக்கொண்டே தூரத்துக்கு எறிவதுதான் அவருடைய வித்தை. 2014-ல் அவர் ஓடி எடுத்தது 849 கெஜம்; 2021-ல் 183. அந்த ஆண்டு வலது கை நடுவிரலில் அறுவைச் சிகிச்சை நடந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று ஆட்டங்கள் தவறின. திரும்பிவந்த முதல் ஆட்டத்திலேயே கிரீன் பேயிடம் 17–0 தோல்வி. அதற்குமுன் அவருடைய அணி புள்ளியே எடுக்காமல் தோற்றதில்லை.

2021-லும் அவருடைய பாஸர் ரேட்டிங் நூறுக்கு மேல் இருந்ததே என்று கட்டுரையாளர் மடக்குகிறார். அந்த ரேட்டிங் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? எறிந்த பந்துகளில் எத்தனை சேர்ந்தன, எத்தனை கெஜம், எத்தனை டச் டவுன், எத்தனை எதிரி கைக்குப் போயின. அவ்வளவுதான். எறியாமல் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று தரையில் சாய்க்கப்பட்ட ஆட்டங்கள் அதில் சேராது. சியாட்டிலில் பத்து ஆண்டில் வில்சன் அப்படி 400 தடவைக்கு மேல் சாய்க்கப்பட்டார். இளமையில் அந்தக் காத்திருப்பு மாயாஜாலமாக முடிந்தது. கால் தளர்ந்ததும் அதுவே பாரமானது. டென்வரில் முதல் சீசனில் 15 ஆட்டத்தில் 55 தடவை விழுந்தார். வாங்குபவர் பார்க்க வேண்டிய எண்ணைக் காட்டாத ரேட்டிங்கை வைத்துக்கொண்டு விலை பேசினால் இப்படித்தான் ஆகும்.

எல்லாவற்றையும்விட உரத்துப் பேசிய தடயம் ஒன்று உண்டு: விற்றவர் விற்றார் என்பது. சியாட்டிலின் அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரலும் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரும் பத்து ஆண்டு தினம்தினம் பயிற்சிக் களத்தில் வில்சனைப் பார்த்தவர்கள். அவருடைய முழங்காலும் தோளும் பொறுமையும் எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட டென்வருக்குத் தெரிய வழியில்லை. கையில் தயாராக மாற்று ஆள்கூட இல்லாமல் அவர்கள் விற்கச் சம்மதித்தார்கள். பல ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீனோ ஸ்மித்தை வைத்துக்கொண்டு அந்த சீசனே 9–8 என்று முடித்து பிளேஆஃப் போனார்கள். சரக்கை நன்றாக அறிந்தவர் தள்ளிவிடத் துடிக்கும்போது, வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். டென்வர் ஏற்றிக் கொடுத்தது.

ஹாக்கெட்தான் வில்சனைக் கெடுத்தார் என்பது அடுத்த வாதம். ஹாக்கெட் திறமையாக நடத்தினார் என்று சொல்ல எனக்கும் துணிவில்லை. 2022 செப்டம்பர் 12, சியாட்டிலில் முதல் ஆட்டம். கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள், நான்காவது முயற்சிக்கு ஐந்து கெஜம் வேண்டும், கையில் மூன்று டைம் அவுட் இருக்கிறது. ஹாக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டு, 20 விநாடி மிச்சமிருக்கையில் வில்சனை வெளியே அழைத்துவிட்டு, 64 கெஜத்திலிருந்து பிராண்டன் மெக்மேனஸை உதைக்கச் சொன்னார். பந்து விலகிப்போனது. 17–16 தோல்வி. அடுத்த வாரம் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் ஆட்டக் கடிகாரத்தைக் கூட்டமாக எண்ணிச் சொல்லி அணிக்கு நினைவூட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று ராம்ஸிடம் 51–14 என்று உதை வாங்கிய மறுநாள் ஹாக்கெட் வேலை போயிற்று.

ஆனால் இது கட்டுரையாளரின் வாதத்துக்கு என்ன பலம் சேர்க்கிறது? ஹாக்கெட்டைத் தேடிப் பிடித்துவந்ததும் டென்வர்தான். ஐந்து கெஜத்துக்குக்கூட நம்பிப் பந்தைக் கொடுக்காத பயிற்சியாளரிடம் 24.5 கோடி டாலர் ஆளை ஒப்படைத்ததும் டென்வர்தான். பயிற்சியாளரைப் பொறுத்துத்தான் குவாட்டர்பேக்கின் மதிப்பு என்றால், பயிற்சியாளரையும் சேர்த்தல்லவா விலை போட்டிருக்க வேண்டும்? பிறகு அந்த ஓட்டையை அடைக்க பேட்டனை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து வாங்கினார்கள். தற்காப்பு ஆட்டக்காரர் பிராட்லி சப்பை மயாமிக்கு விற்றுப் பெற்ற முதல் சுற்று உரிமை அதற்குப் போயிற்று. 2024-இன் இரண்டாம் சுற்று உரிமையும் போயிற்று. இதுவும் வில்சன் வியாபாரத்தின் செலவுதான். கட்டுரையாளரின் பற்றுவரவில் இந்த வரியும் இல்லை.

கடைசியாக, டென்வர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறார். பேட்டன் மானிங் போனபின் ஆறு ஆண்டு குவாட்டர்பேக் இல்லாமல் தவித்த அணி, 2020-ல் கோவிட் காரணமாக ஒரு வைட் ரிசீவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டிவந்த அணி, எந்த விலையும் கொடுக்கலாமாம். பசித்தவன் எந்த விலையும் கொடுப்பான் என்பது உண்மை. அதனாலேயே அந்த விலை சரியான விலை ஆகிவிடாது. சந்தையில் வேறு வழிகள் இருந்தன. அதே 2022 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், 2016-ன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற மாட் ரயனை ஒரே ஒரு மூன்றாம் சுற்று உரிமைக்கு வாங்கியது. ரயனும் தோல்வி; அவரையும் உட்கார வைத்தார்கள்; அணி 4–12–1. ஆனால் தவறு ஓராண்டோடு முடிந்தது. அடுத்த டிராஃப்டில் தங்கள் முதல் சுற்று உரிமை தங்கள் கையிலேயே இருந்தது. புதிய ஆளை எடுத்தார்கள்.

நிபந்தனை வைத்து வாங்குவது என்றொரு வழியும் இருக்கிறது. 2008-ல் பிரெட் ஃபாவ்ரை கிரீன் பே விற்றபோது நியூயார்க் ஜெட்ஸ் நான்காம் சுற்று உரிமையிலிருந்து தொடங்கும் விலைதான் ஒப்புக்கொண்டது. அவர் ஆடிய அளவைப் பொறுத்து அது மூன்றாம் சுற்றாக உயர்ந்தது. 2023-ல் அதே கிரீன் பே, அதே ஜெட்ஸுக்கு 39 வயது ஆரன் ராட்ஜர்ஸை விற்றபோதும் 2024 உரிமை நிபந்தனையோடுதான் போயிற்று. மொத்த ஆட்டத்தில் 65 சதவீதம் ஆடினால் முதல் சுற்று, இல்லாவிட்டால் இரண்டாம் சுற்று. முதல் ஆட்டத்தின் நான்காவது பந்திலேயே ராட்ஜர்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஜெட்ஸுக்கு அந்த சீசன் போனது, ஆனால் முதல் சுற்று உரிமை பிழைத்தது. வயதான குவாட்டர்பேக்கை வாங்கும்போது அவர் உடம்பின் ஆபத்தை விற்பவரோடு பங்கிட்டுக்கொள்ள இப்படி வழி இருக்கிறது. டென்வர் முழு ஆபத்தையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் ஐந்தாண்டு உத்தரவாதத்தையும் ஏற்றியது.

நான் டென்வர் மேசையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு முதல் சுற்று உறுதி. இரண்டாவது, பிளேஆஃப் போனால் மட்டும். நீட்டிப்பைப் பற்றி இரண்டு சீசன் பேச்சே இல்லை. சியாட்டில் சம்மதிக்காவிட்டால், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். அப்படி எழுந்திருந்தால் டென்வர் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. 2024-ல் அந்த அணி தன் சொந்த முதல் சுற்று உரிமையில், பன்னிரண்டாம் இடத்தில், போ நிக்ஸை எடுத்தது. நான்காண்டுக்கு மொத்தமே 1.86 கோடி டாலர். அந்த சீசனே 10 வென்று, சூப்பர் பவுல் வென்ற 2015-க்குப் பின் முதல்முறையாக பிளேஆஃப் போனார்கள். வில்சனுக்குக் கட்டிய செத்த பணத்தின் பாரம் முதுகில் இருக்கும்போதே.

வில்சன் பெரிய ஆட்டக்காரர் என்பதில் எனக்கும் கட்டுரையாளருக்கும் தகராறு இல்லை. பேரம் அங்கேதான் தொடங்குகிறது: எத்தனை வயது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், யார் சுமப்பது, தவறினால் எப்படி வெளியேறுவது. கட்டுரையாளர் முதல் கேள்விக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிவிட்டார். டென்வரும் அதைத்தான் செய்தது. அவர்களிடம் 8.5 கோடி டாலருக்கு ரசீது இருக்கிறது. இவரிடம் அதுவும் இல்லை.